என்ன மருந்து போடலாம்? கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு மளிகைக் கடைக்காரரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். 55 வயது, 12 வருடமாகச் சர்க்கரை நோய். ஒருநாள் காலையில் வீட்டுத் தரையில் அங்கங்கே ரத்தக் கறை. யாருக்குக் காயம் என்று வீடே தேடுகிறது. கடைசியில் பார்த்தால் அவருடைய வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில், நாணய அளவுக்கு ஒரு புண். அவருக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததால் அவர் பயப்படவும் இல்லை.

முதலில் வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டுகிறார்கள். பிறகு பக்கத்துத் தெருவில் தெரிந்த கம்பவுண்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு. இரண்டு வாரம் கழித்து ஒரு களிம்பு, அது சரிவரவில்லை என்று இன்னொரு களிம்பு. நடுவில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை. இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. இதில் யாரும் சும்மா இருக்கவில்லை, எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் "இந்தப் புண் ஏன் ஆறவில்லை?" என்று ஒருவர்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. "என்ன மருந்து போடலாம்?" என்ற ஒரே கேள்வியைத்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள்.

இந்தக் கடைக்காரர் கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதில் ஒரு சிறு பங்குக்குக் காலில் புண் வந்தாலே எண்ணிக்கை எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். விரல் போவதும் கால் போவதும் பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

புண்ணைக் கையாள்வதில் படிப்படியாக, ஒரு வரிசையில் கேள்வி கேட்டு முடிவெடுக்கும் முறை வேண்டும் என்று சொன்னால் உடனே ஒரு எதிர்ப்பு வரும். "இது என்ன, சமையல் குறிப்பா? அனுபவமுள்ள டாக்டருக்குப் பார்த்தவுடன் தெரியாதா?" என்பார்கள். அனுபவத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரிசை என்பது அனுபவத்துக்கு எதிரி என்று நினைப்பது தப்பு. மருத்துவத்தில் எழுத்தாக மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்றே இப்படி வரிசையாக எழுதப்பட்டதுதான். எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுமார் கி.மு. 1600-ல் பிரதி எடுக்கப்பட்டது. 48 நோயாளிகளின் விவரம் அதில் இருக்கிறது, பெரும்பாலும் காயங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் எப்படிச் சோதிப்பது, அடுத்து இது என்ன, அடுத்து ஒரு தீர்ப்பு. குணப்படுத்தக்கூடியது, போராடிப் பார்க்க வேண்டியது, கையாள முடியாதது என்று மூன்றே தீர்ப்புகள். அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் சிகிச்சை பேசப்படுகிறது. நம் பக்கம் சுஸ்ருத சம்ஹிதையும் புண்ணுக்கு 60 வகை நடவடிக்கைகளை வகைப்படுத்திச் சொல்கிறது. கடைக்காரருக்கு நடந்ததைவிட இந்தப் பழைய ஆட்கள் ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்!

சரி, அந்த வரிசைதான் என்ன? புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் காலுக்கு ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் முதல் கேள்வி. ஏன் முதலில் என்பதற்கு வேறொரு புண்ணைச் சொன்னால் சட்டென்று புரியும். கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில் வருடக்கணக்கில் ஆறாமல் இருக்கும் புண்களைப் பலர் பார்த்திருக்கலாம். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களிடம் அதிகம் காணப்படும். (ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்ததே, கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும் இந்தத் தொல்லையும் அதன் பின்னணியில் உண்டு.) சிரையில் ரத்தம் தேங்குவதால் வரும் புண் அது. அதற்கு வைத்தியம் களிம்பு இல்லை, காலை இறுக்கிக் கட்டும் அழுத்தக் கட்டு. சரியாகக் கட்டினால் பல மாதப் புண்ணும் ஆறும்.

இப்போது அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் இன்னொரு புண். ஆனால் இவருக்குத் தமனி அடைத்திருக்கிறது, காலுக்கு வரும் ரத்தமே குறைவு. அதே அழுத்தக் கட்டை இவருக்குக் கட்டினால் இருக்கிற கொஞ்ச ரத்தமும் நின்று, கால் கறுத்துப்போகும். புண்ணை மட்டும் உற்று உற்றுப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தவறிப் போகலாம். ஒருவரைக் காப்பாற்றும் கட்டு இன்னொருவரின் காலை எடுத்துவிடும். நடுவில் இருப்பது பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்னாலும் நாடியைத் தொட்டுப் பார்க்கும் ஒரு நிமிடம், சந்தேகமிருந்தால் கையில் எடுக்கும் ரத்த அழுத்தத்தோடு கணுக்காலில் எடுப்பதை ஒப்பிடும் சோதனை. இந்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் மாதிரி கெட்டியாகிவிடும். அப்போது விகிதம் 1.3-க்கு மேல்கூடக் காட்டும். எண்ணைப் பார்த்து "பிரமாதமாக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் கால் விரலில் அழுத்தம் எடுக்க வேண்டும். அது 30-க்குக் கீழே இருந்தால் புண்ணுக்கு என்ன போடலாம் என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, ரத்தக்குழாய் நிபுணரிடம் அவசரமாக அனுப்ப வேண்டும். படிவத்தில் எண்ணை நிரப்புவது வேறு, எண் எப்போது பொய் சொல்லும் என்று தெரிந்து நிரப்புவது வேறு.

இரண்டாவது கேள்வி, தொற்று இருக்கிறதா? இதில்தான் அதிகக் குழப்பம். புண்ணின் மேலே பஞ்சுக்குச்சியால் தடவி லேபுக்கு அனுப்புவது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. திறந்த புண்ணில் எப்போதும் கிருமி இருக்கும், தடவி அனுப்பினால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் பெரிய பெயரோடு ஒரு கிருமி வந்துவிட்டால் ஆன்டிபயாடிக் எழுதாமல் இருக்க யாருக்கும் தைரியம் வராது. ஆனால் தொற்று என்பது லேபில் முடிவு செய்யும் விஷயம் இல்லை, கண்ணாலும் கையாலும் முடிவு செய்வது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் இவற்றில் இரண்டாவது இருந்தால்தான் தொற்று. சிவப்பு புண்ணின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் பரவியிருந்தாலோ, ஆழமாகப் போயிருந்தாலோ அடுத்த கட்டம். காய்ச்சல், படபடப்பு என்று உடம்பு முழுக்கத் தெரிந்தால் அட்மிஷன். இரண்டு அறிகுறிகூட இல்லையென்றால் மாத்திரை வேண்டாம். கடைக்காரருக்குக் கொடுத்த அந்த ஐந்து நாள் மாத்திரை எதற்கு என்று கேட்டால், "எதற்கும் இருக்கட்டும் என்று" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது.

எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்கச் சுத்தமான மழுங்கிய உலோகக் குச்சியை மெதுவாக உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கல்லில் தட்டுவது போலத் தட்டினால் எலும்பில் தொற்று இருக்கலாம். 1995-ல் வந்த ஓர் ஆய்வில், குச்சி எலும்பைத் தொட்டவர்களில் 89 சதவீதம் பேருக்கு எலும்புத் தொற்று இருந்தது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2007-ல் இன்னொரு ஆய்வு வந்தது, அதே குச்சி, ஆனால் 57 சதவீதம்தான். யார் செய்தது தப்பு? யாரும் இல்லை. முதல் ஆய்வில் இருந்தவர்கள் கடுமையான தொற்றோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் வெளிநோயாளிகள், அவர்களில் எலும்புத் தொற்று இருந்தவர்களே குறைவு. ஆனால் அந்த இரண்டாவது கூட்டத்தில் குச்சி எலும்பைத் தொடவில்லை என்றால், 98 சதவீதம் பேருக்கு எலும்புத் தொற்று இல்லை. அதாவது வார்டில் "தொட்டது" என்பது பெரிய செய்தி, புறநோயாளிப் பிரிவில் "தொடவில்லை" என்பது பெரிய செய்தி. யாரைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சோதனையின் அர்த்தம் மாறுகிறது. சமையல் குறிப்பு என்று கேலி செய்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம். வரிசை யோசனையை மிச்சப்படுத்துவதில்லை, எங்கே யோசிக்க வேண்டும் என்று காட்டுகிறது.

மூன்றாவது கேள்வி பாதத்தில் விழும் பாரம். இதற்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1914-ல் பிறந்தது கொல்லிமலையில். பெற்றோர் மிஷனரிகள். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று ஊரும் டாக்டர்களும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பிராண்டும் அவர் கூட வேலை செய்தவர்களும் கவனித்துப் பார்த்துச் சொன்னது வேறு. சதை நன்றாகத்தான் இருக்கிறது, வலி தெரியாததுதான் பிரச்சினை. வலி தெரிந்தவர் கல் குத்தினால் காலைத் தூக்குவார், ஒரே இடத்தில் உறுத்தினால் தன்னை அறியாமல் நடையை மாற்றுவார். வலி தெரியாதவர் அதே இடத்தில் ஆயிரம் தடவை மிதிப்பார். புண் வரும், அதன் மேலேயே மிதிப்பார். பாதத்தை ஒட்டி மாவுக்கட்டு போட்டு பாரத்தைப் பரப்பிவிட்டால் அதே புண் ஆறியது. 1960-களில் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளிடம் கற்றது சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் போய்ச் சேர்ந்தது.

கடைக்காரரின் புண்ணும் அதே ஜாதிதான். கல்லாவிலிருந்து மூட்டை வரைக்கும், மூட்டையிலிருந்து தராசு வரைக்கும் நாள் முழுக்க அந்த மேட்டின் மேல்தான் நடக்கிறார். கட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தால் என்ன, களிம்பு எவ்வளவு விலையாக இருந்தால் என்ன? 2001-ல் அமெரிக்காவில் 63 பேரை வைத்து ஒரு ஒப்பீடு நடந்தது. முழுப் பாதத்தையும் ஒட்டிப் போடும் மாவுக்கட்டில் 12 வாரத்தில் சுமார் 90 சதவீதம் ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65 சதவீதம். பாரத்தைக் குறைப்பதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? 2003-ல் அதற்கும் விடை கிடைத்தது. நோயாளிகளின் இடுப்பிலும் பூட்ஸிலும் அடி எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தால், எடுத்து வைத்த அடிகளில் 28 சதவீதத்துக்குத்தான் பூட்ஸைப் போட்டிருந்தார்கள்! கழற்ற முடிந்தால் மனிதன் கழற்றுவான். வலியும் இல்லாதபோது கழற்றாமல் இருக்க அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

வரிசை ஏன் முக்கியம் என்பது இங்கே மறுபடி தெரியும். மாவுக்கட்டு இவ்வளவு நல்லது என்று கேள்விப்பட்டு, ரத்த ஓட்டமும் தொற்றும் பார்க்காமல் முதல் நாளே போட்டுவிட்டால், உள்ளே சீழ் பிடித்து வெளியே தெரியாமலே பரவும். மூன்றாவது கேள்வியின் சரியான பதில், முதல் இரண்டைக் கேட்காவிட்டால் ஆபத்தான பதிலாகிவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகுதான் புண்ணின் தரை, அதாவது களிம்பும் கட்டும் வரும் இடம். இதற்கு 2003-ல் ஆங்கிலத்தில் 'டைம்' என்று நான்கு எழுத்தில் ஒரு சுருக்கம் வைத்தார்கள். திசு, தொற்று, ஈரம், ஓரம். செத்த சதையை வெட்டி எடுத்தாயிற்றா, கிருமியின் பாரம் குறைந்ததா, ஈரம் அளவாக இருக்கிறதா, ஓரத்திலிருந்து புதுத் தோல் நகர்கிறதா? ஈரம் என்றவுடன் நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள். "காற்றாட விட்டால்தான் புண் காயும்" என்பது பாட்டி காலத்து நம்பிக்கை. ஜார்ஜ் வின்டர் 1962-லேயே பன்றிக்குட்டிகளின் தோலில் சோதித்துக் காட்டிவிட்டார். பாலித்தீன் படலத்தால் மூடிய காயத்தில் புதுத் தோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. பொருக்கு கட்டிய காயத்தில் தோல் அதன் அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அறுபது வருடம் தாண்டியும் பாட்டிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். (இதற்கும் விதிவிலக்கு உண்டு. ரத்த ஓட்டமே இல்லாமல் காய்ந்து கறுத்த விரலை ஈரப்படுத்தக் கூடாது, காய்ந்தபடியே வைக்க வேண்டும். அதனால்தான் ரத்த ஓட்டம் முதல் கேள்வி.)

பிறகு அளக்க வேண்டும். இதைச் செய்வதற்கு ஸ்கேல் ஒன்று போதும். ஆனாலும் அதிகம் விடுபடுவது இதுதான். "முன்னைக்கு இப்போ பரவாயில்லை" என்ற வார்த்தையை நம்பி எத்தனை மாதம் போகிறது! கடைக்காரரின் புண் முதல் நாள் நீளம் 2 செ.மீ., அகலம் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் பெருக்கினால் 4. நான்கு வாரம் கழித்து 1.7-க்கு 1.7, பெருக்கினால் 2.89. பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாகவே ஆறியிருக்கிறது. ஆனால் குறைந்தது 28 சதவீதம்தான். 2003-ல் வந்த ஆய்வில், நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 சதவீதம் 12 வாரத்தில் முழுதாக ஆறின. அந்த அளவுக்குச் சுருங்காதவற்றில் 9 சதவீதம்தான். அப்படியென்றால் இந்த 28 சதவீதம் நல்ல செய்தி இல்லை. வரிசையின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் எதை விட்டோம் என்று தேடச் சொல்லும் செய்தி. களிம்பை மாற்றுவது தேடுவது ஆகாது.

எதிர்த்தரப்பின் ஒரு வாதத்தில் மட்டும் நிறைய உண்மை இருக்கிறது. படிவம் வந்தால் படிவம்தான் நிரம்பும், வேலை நடக்காது என்பார்கள். அறுவைச் சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-ல் அறிவித்தார்கள். பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே மாதிரிப் பட்டியலை ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோனார்கள். 2014-ல் 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தால் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை. பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதாது. புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைக்குள் நூறு பேரைப் பார்க்கும் டாக்டரிடம் இருபது கட்டங்கள் கொண்ட தாளைக் கொடுத்தால், அவர் எல்லாவற்றிலும் டிக் அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால்தான் கேள்விகள் சிலவாகவும், கேட்பவர் டாக்டர் மட்டுமாக இல்லாமலும் இருப்பது நல்லது. கட்டுப் போடும் நர்ஸ்தான் அந்தப் புண்ணை அதிக நாள் பார்ப்பவர். நாடி இல்லை, சிவப்பு 2 செ.மீ. தாண்டிவிட்டது, நான்கு வாரத்தில் பாதி குறையவில்லை. இந்த மூன்றில் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் மேலே அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். படிவத்தைவிட இந்த அதிகாரம்தான் பெரிது. புண் வருவதற்கு முன்னால் செய்வதற்கு இன்னும் குறைவாகவே தேவை. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல் நுனியை ஓரிரு வினாடி லேசாகத் தொட வேண்டும். ஆறில் இரண்டு இடம் தெரியவில்லை என்றாலே அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. 2011-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இந்தச் சோதனைக்கு விரலைத் தவிர வேறு கருவி வேண்டாம். தமிழ்நாட்டில் 2021-லிருந்து சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரையைக் கொடுக்கும் அதே கை பாதத்தையும் தொட்டுப் பார்த்தால் கூடுதலாகப் பிடிப்பது இரண்டு நிமிடம்.

மறுபடி கடைக்காரரிடம் வரலாம். நாடி இருக்கிறது, தொற்று இல்லை, குச்சி எலும்பைத் தொடவில்லை. மாவுக்கட்டு போடலாம். அந்த 2001 ஆய்வில் மாவுக்கட்டில் ஆறியவர்களுக்கு ஆன நாட்கள் சராசரியாக 33 சொச்சம். இவருக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். அவர் கேட்கும் முதல் கேள்வி, "அதுவரைக்கும் கடையை யார் பார்ப்பது?" இது எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. ஆனால் இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அவர் பத்தாவது நாள் கட்டை அறுத்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விடுவார். கட்டுப் போடும் முன்னால் மகனையோ மனைவியையோ கூப்பிட்டு உட்காரவைத்து அதையும் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது, ரத்த ஓட்டத்தையும் தொற்றையும் பார்த்த அதே அறையிலேயே.